படத்தில் எடை தெரியாது

அலுவலகத்தில் அவளை நேரில் 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'எக்ஸ்ரே' என்பார்கள். அவளுக்கும் தெரியும். கண்டுகொள்வதில்லை.

கைமாறிய கைக்கடிகாரங்களை இணையத்தில் விற்றுத் தரும் நிறுவனம் அது. விற்க நினைப்பவர் ஆறு படங்கள் அனுப்ப வேண்டும். முகம், பின்மூடி, இரண்டு பக்கவாட்டுகள், பட்டையின் கொக்கி, சாய்த்து வைத்து எடுத்த படம் ஒன்று. அந்த ஆறையும் பார்த்து அசலா போலியா என்று சொல்வதற்கு மூன்றாவது மாடியில் நான்கு பேர் இருந்தார்கள். திரைச்சீலை எப்போதும் இழுத்து மூடிய அறை. ஆளுக்கு இரண்டு கணினித் திரைகள். நிறம் மாறித் தெரியக் கூடாது என்பதற்காகச் சாம்பல் வண்ணம் அடித்த சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடி அவள் ஏழு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறாள்.

தொடக்கத்தில் வேலை சுலபம். போலியில் எழுத்து சற்றே தடித்திருக்கும். தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடி ஒரு மயிரிழை தள்ளி ஒட்டியிருக்கும். பின்மூடி எண்களை உலோகத்தில் வெட்டியிருக்க மாட்டார்கள், அமிலத்தால் அரித்திருப்பார்கள். வருடம் போகப் போகப் போலி செய்கிறவனும் படித்துக்கொண்டான். அவள் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாளோ அதை அடுத்த வருடம் சரிசெய்துவிட்டான். அதைவிடப் பெரிய தலைவலி, படமே அசலாக இருப்பது. யாரோ ஒருவர் எப்போதோ எடுத்த நல்ல கடிகாரத்தின் படங்களைச் சுட்டு, தன் பெயரில் போட்டு, பெட்டியில் போலியை வைத்து அனுப்புவார்கள். அதற்காக அவளே ஒரு விதி கொண்டுவந்தாள். சந்தேகம் வந்தால் விற்பவரிடம், 'முட்களை ஏழு இருபதில் வைத்து இன்னொரு படம் அனுப்புங்கள்' என்று கேட்பது. கடிகாரம் கையில் இருப்பவன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவான். இல்லாதவன் மாயமாய் மறைந்துவிடுவான்.

"படத்துல எல்லாம் தெரியும், எடை மட்டும் தெரியாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். "வாங்குறவங்க கையில் தூக்கிப் பார்க்க முடியாது. அவங்களுக்குப் பதிலா நாமதான் தூக்கிப் பார்க்கணும், கண்ணால."

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து உட்கார்ந்தவளின் திரையில் இறந்துபோன கணவரின் கடிகாரம் வந்து நின்றது.

அதே மாடல் ஆயிரம் பேரிடம் இருக்கும். இது அதுவல்ல, அவருடையதேதான். வலப்பக்கம், சாவி கொடுக்கும் திருகுக்குக் கீழே ஒரு கீறல், ஆழமாகத் தொடங்கி வளைந்து, மெலிந்து முடிந்தது. லிஃப்ட் கதவு கடித்த கீறல். அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் முதலாளி மூன்று மணி நேரம் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வந்த கையோடு தன் மணிக்கட்டில் இருந்ததைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். 'எனக்கு மணி பார்க்கவே பிடிக்கலைப்பா இனிமே' என்றாராம். அடுத்த மாதமே கீறல் விழுந்தது.

"என்ன அக்கா, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். எதையும் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டான் என்பதால் அவன் பெயர் 'ஜூம்'.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு அதை எட்டு மடங்கு பெருசாக்கி வெச்சிருக்கீங்க? அது என் வேலையாச்சே."

அவள் விற்பவருக்கு 'ஏழு இருபது' என்று எழுதி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் விளம்பரம் காணாமல் போனது.

மூன்று வருடமாக அவள் நெஞ்சில் கிடந்த முள் அந்தக் கடிகாரம். பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார் அவர். பன்னிரண்டாம் நாள் காலை, குளித்துவிட்டு வரலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள். பக்கத்தில் இருந்தது அவருடைய தம்பி மட்டும்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த மணிக்கட்டில், வெயில் படாத இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாத கடிகாரம் அங்கே இல்லை.

"வாட்ச் எங்கே?" என்று கொழுந்தனிடம் கேட்டாள்.

"தெரியலை அண்ணி." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

தெரியாதவன் முகத்தைப் பார்த்துச் சொல்வான் என்று அவள் அன்றே முடிவுகட்டினாள். ஒரு வாரம் கழித்து, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் அவன் ஒரு நாற்காலியை எடுத்துப் போட வந்தபோது, "வேண்டாம், செத்த அண்ணன் மணிக்கட்டுல இருந்து கழட்டின கை அது. என் வீட்டுச் சாமான்ல படவேண்டாம்" என்றாள். அவன் நாற்காலியை வைத்துவிட்டுப் போனான். பிறகு வரவேயில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மகளிடம் படத்தைக் காட்டினாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண். சித்தப்பா பேச்சு வந்தால் அம்மாவுக்கு எதிர்க்கட்சி.

"பார்த்தியா? வித்துட்டான். யார் யார் கையிலயோ சுத்திக்கிட்டு இருக்கு."

"சித்தப்பா வித்தாருன்னு இதுல எங்கேம்மா எழுதியிருக்கு?"

"வேற யார்?"

"அவரு வர்ற ஞாயித்துக்கிழமை ஊரைவிட்டே போறாரு, மாத்தல் ஆகி. விமானத்துல ஆறு மணி நேரம். போனா அவ்வளவுதான், லேசுல திரும்பி வரமாட்டாங்க. அதுக்குள்ள ஒரு தடவை வந்து பாரும்மான்னு நானும் தினமும் கரடியா கத்துறேன். நீ வாட்ச்சைக் கட்டிக்கிட்டு அழு."

"போறேன். கையில ஆதாரத்தோட போறேன்" என்றாள் அவள்.

அடுத்த இரண்டு நாட்களில் அதே ஆறு படங்கள் இன்னும் மூன்று இடங்களில் முளைத்தன. விற்பவர் பெயர் வேறு, ஊர் வேறு. ஒருவன் 'என் மாமனார் பரிசளித்தது' என்று எழுதியிருந்தான். இன்னொருவன் 'ஒரே உரிமையாளர், ஆசையாக வைத்திருந்தது' என்று எழுதியிருந்தான். கடிகாரம் மட்டும் அதே வெள்ளைத் தாளின் மேல் அதே வெளிச்சத்தில் கிடந்தது. வேலைக்கு நடுவே வேறு கடிகாரங்களைப் பார்க்கும்போதும் அந்தக் கீறல் கண்ணில் வந்து வந்து நின்றது. ஜூம் ஒரு முறை அவள் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது.

உள்ளூரில் இருந்த விற்பனையாளன் ஒருவனிடம் அவளே ஒன்றை வாங்கினாள். மறுநாளே பெட்டி வந்தது. பிரித்தாள். நல்ல வேலைப்பாடு, ஏழு வருடம் பழகிய கண்ணையே ஏமாற்றும் வேலைப்பாடு. எழுத்து சரி. எண்கள் சரி. கீறல் இல்லை. உள்ளங்கையில் வைத்ததும் தெரிந்துவிட்டது: தக்கை.

"போலின்னு தெரிஞ்சே காசு கொடுத்து வாங்கின முதல் ஆள் உலகத்துலயே நீதாம்மா" என்றாள் மகள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஆக, அசல் எங்கோ ஒருவன் கையில் இருக்கிறது, அவன் எடுத்த படங்களை வைத்து ஊரெல்லாம் போலி விற்கிறார்கள். அந்த ஒருவன் யார் என்று தெரிந்தால் யாரிடம் வாங்கினாய் என்று கேட்கலாம். கொழுந்தன் கையும் களவுமாக அகப்படுவான். வெள்ளிக்கிழமை பிற்பகல், மற்றவர்கள் டீ குடிக்கப் போன சமயம், படங்களை ஒவ்வொன்றாகத் துருவினாள். எடுத்தவன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் எடுத்திருந்தான். விரல் இல்லை, மேசை விளிம்பு இல்லை. ஆறாவது படம் மட்டும் சாய்த்து வைத்து எடுத்தது. அதில் கடிகாரக் கண்ணாடி மேல் ஏதோ படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தாள். பெரிதாக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள்.

ஒரு ஜன்னல். இரண்டு வரிசையாக ஆறு கண்ணாடிச் சதுரங்கள். மேல் வரிசையில் நடுச் சதுரம் மட்டும் பச்சை.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அது அவள் வீட்டுக் கூடத்து ஜன்னல். எதிர்வீட்டுப் பிள்ளைகளின் பந்து பட்டு நடுக் கண்ணாடி உடைந்தது. லிஃப்ட் சாமான் சுற்றி வந்த பச்சை பிளாஸ்டிக் தாளை அவர்தான் வெட்டி ஒட்டினார். கூடம் முழுக்க மீன்தொட்டிக்குள் இருப்பதுபோலப் பச்சை வெளிச்சம் விழுகிறது என்று அவள் நச்சரித்து, இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டார்கள். அது ஐந்து வருடத்துக்கு முந்தைய கோடை. அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலம்.

இந்தப் படங்களைத் திருடன் எடுக்கவில்லை. தன் வீட்டுக் கூடத்தில், வெள்ளைத் தாள் விரித்து, ஆறு கோணத்தில், விற்பதற்காக எடுத்தவர் அவரேதான்.

அப்படியானால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் கையில் இருந்தது எது?

அதற்கும் ஒரு படம் இருந்தது, அவளிடமே. நான்கு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அசலைப் படம் எடுத்து 'மாதிரி' என்று கோப்பில் வைத்தார்கள். வருகிற படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான். இந்த மாடலுக்கு எங்கே போவது என்று எல்லோரும் விழித்தபோது, "அசல் என் வீட்டுலயே இருக்கு" என்று பெருமையாகச் சொன்னவள் அவள். அவரிடம் கேட்டாள். "கழட்ட மாட்டேன், கையோட எடுத்துக்கோ" என்றார். அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மாதிரிக்குப் பின்மூடிப் படம் கட்டாயம் வேண்டும் என்பது அவளே எழுதிய விதி. வீட்டுக் கடிகாரம்தானே என்று அதை விட்டுவிட்டாள்.

மாதிரியைத் திறந்து இரண்டு கீறல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விளம்பரத்தில் இருந்தது ஒரே வீச்சில் விழுந்த கீறல். மாதிரியில் இருந்ததும் அதே இடம், அதே நீளம், அதே வளைவு. ஆனால் அது ஒரு கோடல்ல, மூன்று. ஊசி முனையால் ஒருவர் பொறுமையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, போதாது போதாது என்று இழுத்தவை. அவள் வேலைக்குப் போன ஒரு பகலில், பச்சை வெளிச்சத்தில், போலியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் இழுத்திருக்க வேண்டும். யாரை ஏமாற்ற? அந்த வீட்டில் கீறலைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருத்திதான்.

நான்கு வருடமாக இந்த மாதிரியோடு ஒப்பிட்டு அவள் 'அசல்' என்று சான்று கொடுத்தவற்றைத் தேடினாள். நாற்பத்து மூன்று. மாதிரியைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு மேலாளரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"யாருடைய தப்பு?" என்றார் மேலாளர்.

"என்னுதுதான்."

"நீங்களா? உங்க கண்ணுக்கே தப்பிடுச்சா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "எழுதிக் கொடுங்க. நாற்பத்து மூணையும் திரும்பக் கேட்டு வாங்கணும். திங்கட்கிழமை பேசுவோம்."

எழுதிக் கொடுத்தாள். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அதை எழுதிக் கொடுக்க முடியாது.

சனிக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். நான்காவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒட்டும் நாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வாங்க அக்கா. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இன்னும் எதையும் ஒட்டலை. ஒவ்வொண்ணா திறந்து பார்த்துக்கங்க, உங்க வீட்டுச் சாமான் ஏதாவது இருக்கான்னு."

"சித்தி..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு கண்ணு. மூணு வருஷமா எங்க வீட்டுக்காரரு ஒரு விசேஷத்துக்குத் தலைகாட்டலை. சாப்பாட்டுத் தட்டை எண்ணி வைங்கன்னு காதுபடவே பேசினாங்க. ஊர் வாயை மூடவா முடியும்? எங்களை மூடிக்கிட்டோம்."

"சொல்லட்டும். எனக்கு வேணும்" என்றாள் அவள்.

அதைக் கேட்டு உள்ளறையிலிருந்து கொழுந்தன் வந்தான். முன் தலை வழுக்கை விழுந்திருந்தது. நெற்றியைத் துடைத்த விதம் அச்சு அசல் அண்ணன்.

"உட்காருங்க அண்ணி." சுற்றிப் பார்த்தான். "நாற்காலியெல்லாம் நேத்தே போயிடுச்சு. இந்தப் பெட்டி மேல உட்காருங்க, புஸ்தகப் பெட்டிதான், உடையாது."

அவள் உட்காரவில்லை. "உங்க அண்ணன் போட்டிருந்தது போலி. அசலை அவரே வித்துட்டாரு. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

அவன் மனைவியின் கையில் இருந்த நாடா நழுவி உருண்டது. அவளுக்கும் இது புதிது என்று தெரிந்தது.

அவன் இப்போதும் தரையைப் பார்த்துத்தான் சொன்னான். "ஆஸ்பத்திரியில, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னாரு. 'இதை உங்க அண்ணி கையில் எடுக்கக் கூடாதுடா. தூக்கினா எடையிலயே கண்டுபிடிச்சிடுவா'ன்னு. அன்னிக்குக் காலையில அவரு மூச்சு நின்னதும், நர்ஸைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, நான் முதல்ல அதைத்தான் கழட்டினேன் அண்ணி. அண்ணனைத் தொட்டு அழக்கூட இல்லை. நீங்க வந்துடுவீங்களேன்னு."

"எங்கே அது?"

"பாலத்து மேல இருந்து ஆத்துல போட்டுட்டேன், அன்னிக்கே."

"எதுக்கு வித்தாரு?"

"கேட்டேன். சிரிச்சாரு. 'கை கனக்குதுடா'ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை."

மகள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே காட்சிதான் ஞாபகம் வந்திருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவருடைய இடக்கையைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, 'பாருங்க, அசல்னா இப்படித்தான் இருக்கும்' என்று விலையோடு சொல்லிக் காட்டுவாள் அவள். அவர் சோற்றுக் கையை அந்தரத்தில் நிறுத்தி, முடியும்வரை காத்திருப்பார். அதுதான் காரணமா? வேறு ஏதாவதா? கேட்க ஆள் இல்லை.

"கூடத்துல அத்தனை பேர் முன்னால திருடன்னு சொன்னேனே. ஏன் வாயைத் திறக்கலை நீங்க?"

"திறந்தா அண்ணன் பொய்யாயிடுவாரே அண்ணி. நான் உயிரோட இருக்கேன், நாலு பேச்சு வாங்கிக்கலாம். அவரு எழுந்து வந்து ஒரு பதில் சொல்ல முடியுமா?"

அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? மூணு வருஷம் நானும் உள்ளுக்குள்ள சந்தேகப்பட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். அவனுக்கு அது புதிய அடி. சுவரில் சாய்ந்துகொண்டான்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். அன்று கூடத்தில் இருந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். "நான் அன்னிக்குச் சொன்னது பொய். என் கொழுந்தன் வாட்ச்சைத் திருடலை. நான்தான் தப்பு" என்று அதையே ஒன்பது பேரிடம் சொன்னாள். சிலர் ஏன் எப்படி என்று கேட்டார்கள். அழைப்பைத் துண்டித்து அடுத்த எண்ணை அழுத்தினாள். மூன்றாவது அழைப்பிலேயே "போதும் அண்ணி, விடுங்க" என்றான் கொழுந்தன். அவள் விடவில்லை. ஒன்பதாவது ஆள், காது கேட்காத பெரியப்பா, "எந்த வாட்ச்? எனக்கு வாட்ச்செல்லாம் வேண்டாம்மா, விலைக்கு வாங்குறவன் நானில்லை" என்று வைத்துவிட்டார். கொழுந்தன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

பெட்டிகளை ஒட்டி முடிக்க நால்வருமாகக் கைகொடுத்தார்கள். நடுவில் அவன் மெதுவாகக் கேட்டான்: "எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?"

ஆறாவது படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "ஜன்னல் தெரியுது பாருங்க. பச்சைத் தாள்."

அவன் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனான். ஜன்னலைத் தாண்டிப் பார்த்தான்.

"அண்ணன் நிக்கிறாரே" என்றான்.

"எங்கே?"

"இதோ. ஜன்னலுக்குக் கீழே, ஓரமா. கறுப்பா."

அவள் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்த படம். திருடனைத் தேடினாள், ஜன்னலைக் கண்டாள், ஆளைப் பார்க்கவேயில்லை. கடிகாரக் கண்ணாடியின் வளைவில் சற்றே கோணலாக ஓர் உருவம், தோள், கைப்பேசியை உயர்த்திய கை. முகம் தெரியவில்லை. தலை மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"படம் எடுக்கிறவரு வாட்ச்சைத்தானே பார்க்கணும்? எங்கே பார்க்கிறாரு?" என்றாள் மகள்.

"எனக்கு இதை அனுப்பி வைங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "இருட்டா இருந்தாலும் பரவாயில்லை. அவரு படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்லை."

அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று அவன் கைப்பேசி சொன்னது. அவள் இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால், அவர் தலை திரும்பியிருந்த பக்கம் இருப்பது சமையலறை வாசல். எந்த நிமிடமும் அவள் வெளியே வரக்கூடிய வாசல்.